நாற்பது, செவ்வாய்

சிகுல்டாவில் நவம்பர் என்றால்
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
பழைய கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே
நாங்கள் இருவர், ஒரு ஹீட்டர்,
யாரும் எண்ணிப் பார்க்காத அளவு இரும்பு.

விஸ்மா பனிவண்டியைத் தள்ளுபவள்.
ஐம்பது மீட்டர், ஐந்து நொடிக்குச் சற்று மேல்.
பிறகு உள்ளே குதித்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.
கடைசியில் பிரேக் பிடிப்பதைத் தவிர
அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவளுக்கு வேறு வேலையில்லை.

என் வேலை அதைவிடச் சின்னது.
பாரின் நுனியில் ஒரு நூலைக் கட்டுவேன்.
நூல் எத்தனை விரைவாக ஓடியதென்று
தரையிலுள்ள பெட்டி சொல்லும்.
நான் அதை உரக்கப் படிப்பேன்.
அதற்கே இரண்டு முறை
என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை நூற்று நாற்பது.
தொடை நடுங்க, முகம் பீட்ரூட் நிறமாகி
எப்படியோ எழுந்து நின்றாள்.
வாசலில் ஹாக்கிப் பையன்கள் கைதட்டினார்கள்.
பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு, என்று படித்தேன்.
"எழுந்தேனா, இல்லையா?"
எழுந்தாய்.
நீ எழுந்து முடிப்பதற்குள்
வண்டி முதல் வளைவைத் தாண்டியிருக்கும், விஸ்மா.

பலம் வேறு, வேகம் வேறு.
இரண்டையும் பெருக்கினால் வருவதுதான்
எங்களுக்குச் சோறு போடுகிறது.
எடை ஏற ஏற வேகம் சாகும்.
வெறும் பாரோ காற்றாய்ப் பறக்கும்,
பலத்துக்கு அங்கே வேலையே இருக்காது.
நடுவில் எங்கோ ஒரு மேடு.
அதன் உச்சியில் நிற்கும் எடை
பெரும்பாலும்
பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு மூட்டும் எடை.

செவ்வாய்க்கிழமை தட்டுகளைக் கழற்றினேன்.
ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தில்
ஒரு கதவு சாத்திக்கொண்டது.
பாருக்கு இருபது, பக்கத்துக்குப் பத்து.
"இதை என் அண்ணன் மகள் தூக்குவாள்."
தூக்குவாள். இதோடு குதிப்பாளா?

குதித்தாள்.
கால் தரையை விட்டதும் நூல் வீரிட்டது,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
ஒன்று புள்ளி நான்கு. மறுபடியும் நான்கு.
மூன்றாவது, நான்காவது, அதே.
ஐந்தாவதில் ஒன்று புள்ளி இரண்டு ஐந்து.
போதும், என்றேன்.
"இன்னும் பத்து முடியும்!"
முடியும், மெதுவாக முடியும்.
மெதுவாக இருக்க உனக்கு எதற்குப் பயிற்சி?
திட்டினாள். லாட்விய மொழியில் தீர்ந்துபோய்
ரஷ்ய மொழிக்குப் போனாள்.
நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்: நாற்பது.
கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை
ஆம்புலன்ஸில் இரவு வேலை முடித்து நேராக வந்தாள்.
பூட்ஸில் சாலை உப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
அதே நாற்பது, அதே நூல்,
அதே ஹீட்டரின் முனகல்.
முதல் குதிப்பே ஒன்று புள்ளி இரண்டு.
நான் படிக்கவில்லை.
அவளே குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

வால்மியெரா சாலையில் ஏதோ நடந்திருக்கிறது.
அவள் சொல்லவில்லை.
அதை ஏற்ற என்னிடம் தராசும் இல்லை.
பக்கத்துக்கு ஐந்து குறைத்தேன்.
சண்டை போடவில்லை.
அவள் சண்டை போடாததுதான்
எனக்குப் பயமாக இருந்தது.

முப்பதில் நூல் அரைத் தூக்கத்திலிருந்து எழுந்தது.
மூன்று முறை குதித்தாள்,
பாரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.
கருப்பு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து
பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள்.

சம்மேளனத்தின் படிவத்தில்
'எடை' என்று ஒரே ஒரு கட்டம்.
நாற்பது என்று எழுதினேன்,
அழித்தேன், முப்பது என்று எழுதினேன்.
"செவ்வாய்க்கிழமை நான் யார்
என்று கேட்கிறார்களா அதில்?" என்றாள் வாய் நிறைய.
இல்லை.
"பென்சிலிலேயே விடு."

வாசலில் பையன்கள் வந்துவிட்டார்கள்,
நூற்று நாற்பதுக்குத் தட்டு தேடிக்கொண்டு.
நான் நூலைச் சுருட்டினேன்.